‘மாணவர் பதில்’ என்றொரு கட்டம்

பி.எட். படித்த இரண்டு வருடத்தில் நான் பிள்ளைகளோடு பேசியதைவிட ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுதான் அதிகம். பாடத்திட்ட ரெக்கார்டில் பக்கத்துக்கு நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘மாணவர் பதில்’. வகுப்புக்கு முந்தைய நாளே அதை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இன்னும் வாயே திறக்காத பிள்ளை என்ன சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எங்கள் மேற்பார்வை மேடம் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்தார். அடுத்த வாரம், வகுப்பு முடிந்த பிறகு, ‘யாரும் பதில் சொல்லவில்லை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஐந்து பாடத்தையும் மறுபடி எழுதச் சொன்னார். செகந்திராபாத் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்க என் காகிதங்கள். தட்டு வைக்க இடமில்லாமல் அம்மா நின்றாள்.

“நக்கோடீ, வேண்டவே வேண்டாம் இந்தப் படிப்பு! டீச்சருக்குப் படிக்கிறியா, கிளார்க்குக்குப் படிக்கிறியா?”

அம்மாவிடம் கத்தினேன். அவள் கேட்டது நியாயம் என்பதில்தான் எனக்கு அத்தனை எரிச்சல்.

பயிற்சிக்கு எனக்குக் கிடைத்திருந்தது மல்லாபூரில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி, கணக்கு. பெரும்பாலும் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். தேர்வாளர் முன்னால் நடத்த வேண்டிய கடைசிப் பாடம், பின்ன வகுத்தல். அந்த ஒரு வகுப்புக்காக மூன்று நாள் அதே பாடத்தை ஒத்திகை பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். எந்தக் கேள்விக்கு யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதிக் கொடுத்துவிடுவோம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

தேர்வன்று பாதி வகுப்புவரை எல்லாம் கட்டத்தில் இருந்தபடியே நடந்தது. அப்போது இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் தானாகக் கையைத் தூக்கினாள். “மிஸ், அரையே சின்னது. அதைக் காலால வகுத்தா எப்படி ரெண்டு வரும்? பெருசாகுதே?” என்று தெலுங்கில் கேட்டாள்.

இதே சந்தேகம் அவள் வயதில் எனக்கும் இருந்தது. கேட்கப் பயந்து, தலைகீழாக்கிப் பெருக்கிப் பெருக்கியே பட்டம்வரை வந்துவிட்டேன். இன்னொரு பிள்ளை அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் பி.எட். சேர்ந்தேன். பின்வரிசையில் தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவள் கேள்வி அதில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“சிட் டவுன்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

“கிளாஸ் கன்ட்ரோல் வெரி குட்” என்று, தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மேற்பார்வை மேடம் வெளியே வந்து கை குலுக்கினார். நல்ல மதிப்பெண் வேறு. பஸ்ஸில் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் எனக்கு அங்கே வேலையில்லை. இரண்டு சப்பாத்தியை டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, ஒன்றைப் பாதியாகக் கிழித்துக் காட்டி, “இந்த அரைக்குள்ள எத்தனை கால் இருக்கு, நீயே பிச்சுப் பாரு” என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

அவள் சப்பாத்தியைப் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று ஒப்பித்தாள், நான் கட்டத்தில் எழுதியிருந்த ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை விடாமல்.