கடுகெண்ணெய்த் தோசையும் எட்டு வகைச் சொற்களும்

கல்கத்தாவின் நியூ டவுனில் பதினோராவது மாடியில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம், கொசு வராது. ஆனால் பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை வந்தது கடுகெண்ணெயில் தோசை வார்க்கிற வாசனை. நீங்களாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பீர்கள். எனக்கோ, உங்களிடம் சொல்வதற்கென்ன, இங்கிலீஷ் இலக்கணம் ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் இதே ஊரில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸி வீட்டுப் பெண் என்றால் இங்கிலீஷ் இலக்கணம் பிறவியிலேயே வந்துவிடும் என்று அந்தத் தெருவே நம்பியது. விண்ணப்பமோ புகாரோ, திருத்த வேண்டுமென்றால் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். என் இங்கிலீஷ் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அப்பா என்னோடு பேசாமல் இருந்தது தெருவுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வலிய வந்த கௌரவத்தை யார் விடுவார்கள்?

பக்கத்து வீட்டு பௌதியும் அதை நம்பித்தான் வந்தார். பௌதி என்றால் அண்ணி. அவருக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர ஆசை. நேர்காணல் இங்கிலீஷில். மாமனாருக்கோ மருமகள் வேலைக்குப் போகிற பேச்சே ஆகாது. கணவர் நல்லவர், அப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத நல்லவர். ஆகவே பௌதி வீட்டில் ஒரு பொய் சொன்னார். மெட்ராஸி வீட்டில் தோசை கற்றுக்கொள்ளப் போகிறாராம். தோசை என்றதும் மாமனார் உடனே தலையாட்டிவிட்டார்.

இப்படியாக எங்கள் சமையலறையில் இங்கிலீஷின் எட்டு வகைச் சொற்களோடு பாடம் ஆரம்பமானது. ஒரு பக்கம் அம்மா தோசை வார்ப்பாள். மறுபக்கம் நான், அன்று காலையில்தான் படித்து வைத்ததைப் பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி எடுத்துவிடுவேன். நவுனுக்கு உதாரணம் கேட்டால் பௌதி தயங்கவே மாட்டார். சாய்வு நாற்காலி, செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, தேநீர்க் கோப்பை. வெர்ப் வந்தபோது துவை, நறுக்கு, கொதிக்கவை, எடுத்துக்கொண்டு ஓடு என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பார்த்தியா? நவுன் எல்லாம் மாமனாரோடது. வெர்ப் எல்லாம் என்னோடது."

இதை எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அட்ஜெக்டிவுக்கு மாமியாரை எடுத்துக்கொள்ளலாமே என்றேன், விஷமமாக. பௌதி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கெல்லாம் தன் இங்கிலீஷ் இன்னும் போதாது என்றார். இண்டர்ஜெக்‌ஷனை மட்டும் நான் நடத்தவேயில்லை. பேச்சுக்குப் பேச்சு 'ஓ மா', 'ஏ பாபா' என்கிற ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க நான் யார்?

அம்மா வார்த்த தோசை பௌதி வார்த்ததாக மூடிய தட்டில் போய்க்கொண்டிருந்தது. மாமனாருக்கு நாக்கு பழகிவிட்டது. நேர்காணல் நெருங்குகிற நேரத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலேயே சுடச்சுட வார்த்துப் போடு என்றுவிட்டார். மறுநாள் பௌதி கரண்டியை வாங்கி மாவை ஊற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல், நடுவில் கட்டியாக ஏதோ ஒன்று வந்தது.

"ஏண்டி, இவளுக்கு வேலை கிடைச்சாலும் கிடைக்கும், தோசை வராது போலிருக்கே" என்றாள் அம்மா.

பௌதியின் முகம் சுண்டிப்போயிற்று. தோசை வராவிட்டால் பொய் அம்பலமாகும். அப்புறம் பாடமும் கிடையாது, நேர்காணலும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் மாஷிமா, அதாவது பௌதியின் மாமியார். இலக்கணப் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் தள்ளினேன். மாஷிமா கல்லின் மேல் கிடந்ததைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மீன் நறுக்கறப்பகூட கட், கட், கட்னு மனப்பாடம் பண்றே. தோசை கத்துக்கறவ அதையா சொல்லுவா?" என்றார் வங்காள மொழியில். பிறகு என் பக்கம் திரும்பினார். "புத்தகத்தை வெளில எடு. அவ படிக்கட்டும். தோசையை நான் கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டும்விட்டார். ஆனால் கடுகெண்ணெய் இல்லாமல் கல்லைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே மாஷிமா வார்க்க, பௌதி எடுத்துக்கொண்டு ஓட, மாமனார் மருமகளின் கைமணத்தைத் தெருவுக்கே கேட்கும்படி புகழ்ந்து தள்ளினார். பௌதிக்கு வேலை கிடைத்தது. மாமனார் கோபத்தில் குதித்தார். "அவ போகட்டும், தோசை நிக்காது" என்றாராம் மாஷிமா. அதோடு மாமனார் அடங்கிவிட்டார். யார் வார்த்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இன்று அவர் இல்லை, மாஷிமா இல்லை, என் அம்மாவும் இல்லை. இரண்டு வீடுகளையும் இடித்து ஒரே அடுக்குமாடியாகக் கட்டிவிட்டார்கள். தப்பாக எழுதினால் கைபேசியே திருத்திவிடுவதால், விண்ணப்பத்தோடு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. போன வருஷம் பௌதியும் நானும் அந்தப் பக்கம் போயிருந்தோம். அந்தப் பள்ளியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் சமையலறை இருந்த இடத்தில் கார்கள் நின்றுகொண்டிருந்தன. பௌதி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இந்த இடத்தில்தான் மூன்று பெண்கள் சேர்ந்து தன்னை வெளியே அனுப்பிவைத்தார்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். பழக்கதோஷம், எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். திருத்த ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.