கொடிப்போர் பக்கம் போகாத பட்டதாரி

மண்டகப்பட்டு துரைக்கண்ணு வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் மணிமாறன். விழுப்புரத்தில் வேதியியல் படித்தான். அதன்பின் அரசுத் தேர்வு எழுதுவதையே வேலையாக வைத்துக்கொண்டான். சாணத்தைக் கண்டால் ஒதுங்குவான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பறித்தபின் மாட்டுக்குச் சேர்த்துவைக்கும் கொடிப்போர் பக்கம் தலைகாட்டவே மாட்டான். படித்த திமிர் என்றது ஊர். அவன் மறுக்கவில்லை. வேலை இல்லாவிட்டாலும் திமிராவது இருப்பதாக நாலு பேர் நம்புவது கௌரவமாகத்தான் இருந்தது.

உண்மை வேறு. கல்லூரிக் கடைசி வருடம் நுரையீரலில் பூஞ்சை பிடித்துச் சென்னையில் கிடந்தபோதுதான் தெரிந்தது, அவனுடைய வெள்ளை அணுக்களுக்குப் பிறவியிலேயே கிருமியை விழுங்கத் தெரியும், கொல்லத் தெரியாது என்று. பாடத்தை முழுசாக விழுங்கிவிட்டுத் தேர்வறையில் பேந்தப் பேந்த விழிக்கிறவனின் ரத்தம் வேறெப்படி இருக்கும்? பூசணம் பிடித்த கொடியையோ குப்பையையோ கிளறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அம்மா வழியாக வரும் கோளாறாம். தங்கை ஆர்த்திக்கு நோய் இல்லாவிட்டாலும் அவள் பெறும் ஆண்பிள்ளைக்குப் போகலாமாம். அவள் கல்யாணம் முடியும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். திமிர் பரம்பரையாக வராது. அதனால் திமிரே இருக்கட்டும் என்றாயிற்று.

கூட்டேரிப்பட்டிலிருந்து ஆர்த்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. முந்தைய மழையில் நனைந்து பூசணம் பூத்த கொடியைப் பின்பக்கம் உலர்த்தப் பரப்பியிருந்தார்கள். அப்பா ஓடினார். மாப்பிள்ளை பிரேம்குமாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். மணிமாறன் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான்.

மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்பா, பொண்ணு பாக்க வந்த எம்புள்ள கொடி வாரிக்கினு இருக்கான். பட்டம் வாங்குன கை நனையக்கூடாதா?"

கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனால் தங்கையின் சம்பந்தம் தன் சட்டை மடிப்பில் சிக்கி உடையப்போகிறதே என்று அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். வீரம் வர நல்ல நேரம் பார்த்தது.

"அண்ணா, போவாத." ஆர்த்தி உள்ளிருந்து வந்து கோவிந்தம்மாள் எதிரில் நின்றாள். "அண்ணனுக்குப் பொறப்புலியே பூசணத்த எதுக்குற சக்தி இல்லீங்க. அதக் கிளறுனா செத்துடும். எங்க வீட்டு ரத்தத்துல இருக்கு. எனக்குப் பொறக்கற புள்ளைக்கும் வரலாம்."

போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். காபி அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துப்போய்க் கொட்டினாள். தான் உயிரோடிருக்கிற செலவையும் தங்கைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று மணிமாறன் குன்றிப்போனான்.

மறுநாள் பிரேம்குமார் கூப்பிட்டான். அப்பாவை அல்ல, இவனை.

"மச்சான், எங்கம்மா இன்னும் ஒத்துக்கல. உங்க தங்கச்சிக்கு அது இருக்கா இல்லியான்னு டெஸ்ட் எடுத்துப் பாக்க முடியுமா? இருந்தா, புள்ளைக்கு என்ன வழின்னு யார கேக்கணும்?"

பட்டம் வாங்கியபின் ஒருவர் அவனை நம்பிக் கேட்ட முதல் கேள்வி. அதற்கும் பாதிதான் பதில் தெரிந்தது. சென்னை டாக்டரிடம் விசாரித்துச் சொல்வதாக இழுத்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் தானும் கூடவே வருவதாகச் சொன்னான் பிரேம்குமார்.

"டெஸ்ட் எனக்குத்தான? குடு இப்டி" என்று ஆர்த்தி போனை வாங்கிக்கொண்டாள்.