தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை

வெளிமாநிலத்தில், கட்கியில் ஒரு பள்ளியில் மூன்று வருடமாக நான் தற்காலிக ஆங்கில ஆசிரியை. போன வருடம் பிரின்சிபல் அம்மா, "வியாழக்கிழமை உங்க வகுப்புல வந்து உட்காருவேன். அதைப் பார்த்துத்தான் பர்மனெண்ட்" என்று சொல்லிவிட்டார். பாடம் ஒரு பழைய சோக நாடகம். பதவி ஆசையில் ராஜாவைக் கொன்றவன், அதை மறைக்க அடுத்தடுத்துக் கொலை செய்து அழிந்துபோவான். அதில் திரும்பத் திரும்ப வரும் ரத்தமும் இருட்டும் எதைக் காட்டுகின்றன, நாடகத்தின் மையக்கருத்து என்ன என்று பதினொன்றாம் வகுப்புக்கு நான் விளக்க வேண்டும்.

விளக்குவதா, நானா? நோட்ஸ் சொல்வேன். "ரத்தம் என்றால் குற்ற உணர்ச்சி, இருட்டு என்றால் தீமை, எழுதிக்கோங்க." அவ்வளவுதான் என் இலக்கிய ரசனை.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். "கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை. வலது கைக்காரர்களை மட்டும்தான் எழுப்புவேன்." கோயம்புத்தூரில் என் டீச்சர்கள் செய்த அதே தில்லாலங்கடிதான். வீட்டில் பெருமையடித்தபோது கணவர், "ஏன் அம்மிணி, புள்ளைங்கள வெச்சு இந்தக் கூத்து தேவையா?" என்றார். உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று வாயை அடைத்தேன்.

வியாழக்கிழமை பிரின்சிபல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் கேள்விக்கே வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. எதிரே இருப்பவரின் வலது கை என் இடப்பக்கம் வரும் என்பது, பதற்றத்தில் இந்த மண்டையில் ஏறினால்தானே! என் வலப்பக்கம் தெரிந்த கைகளாகப் பார்த்துப் பார்த்து எழுப்பினேன். முதல் பையன் திருதிருவென்று விழித்தான். அடுத்தவன் ஜன்னலைப் பார்த்தான். மூன்றாவதாக, கட்கியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணை எழுப்பி, ரத்தம் எதைக் காட்டுகிறது என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ். தெரியாதவங்க இடது கைதானே தூக்கச் சொன்னீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரின்சிபல் சிரிக்கவில்லை. "சரி, இந்த நாடகம் மொத்தத்துல என்னதான் சொல்லுது?" என்று அவளையே கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னும் பல பொய் வேணும்னு சொல்லுது, மேடம்."

என் நோட்ஸில் இல்லாத பதில். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு வருடம் தற்காலிகம்தான் என்று சாயங்காலமே பிரின்சிபல் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அதைக் கேட்டிருக்கிறாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிவந்தாள், கண்ணெல்லாம் கலங்கி.

"மிஸ், என்னாலதானே உங்களுக்கு பர்மனெண்ட் ஆகலை? மாஃப் பண்ணுங்க மிஸ். அடுத்த தடவை தெரியலைன்னாலும் தெரியும்னே சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம் கண்ணு" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். பர்மனெண்ட் கைவிட்டுப் போனபோது வராத அழுகை, அப்போதுதான் வந்தது. அவள் சொல்லத் துணிந்த அந்தப் பொய்தான், நோட்ஸ் இல்லாமல் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்.