மீன்குடலில் ஓடிய வண்டியும் எங்கள் அண்ணரும்

எங்கள் அண்ணர் கப்பல்துறையிற் பிறந்தார், அங்கேயே மோட்டார் திருத்தி வாழ்ந்தார், அங்கேயே நெஞ்சுவலியால் மறைந்தார். இடையில் நடந்தவற்றை எழுதும் பொறுப்பைக் குடும்பம் என்னிடம் தந்தது. பகிடி எழுதிப் பிழைப்பவனிடம் நினைவு மலரைக் கொடுத்தது அவர்களுடைய பிழை.

மற்றப் பக்கங்களில் உறவினர் அண்ணரைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். அவர் உயிரோடிருந்தபோது "குடல்காரன்" என்று பெயர் வைத்தவர்களும் இவர்கள்தான்.

காரணம் அவருடைய மின்சார ஓட்டோ. அதன் பற்றரி செத்தபோது புதியது கிடைக்கவில்லை. அண்ணர் வளவில் தண்ணீர்த் தாங்கியொன்றைப் புதைத்து, சாணத்தோடு மீன்குடலைப் புளிக்கவிட்டு, வந்த வாயுவை ரக்ரர் சில்லின் ரியூபில் அடைத்து வண்டிக் கூரையிற் கட்டினார். அந்த வாயுவில் ஓடிய சின்ன ஜெனரேற்றர் மின்சாரம் தர, பழைய மோட்டார் சில்லைச் சுற்றியது. ஜெனரேற்றர் விக்கினால் மோட்டாரும் விக்கும் என்று நடுவில் சிறிய பற்றரி ஒன்றும் வைத்தார். நாற்றத்துக்கு மட்டும் வழி காணவில்லை. நான் எட்ட நின்றே பாராட்டினேன்.

இவ்வளவும் அண்ணிக்காக. வாதத்தால் அவருக்கு ஒரு கால் வழங்காது. அவர் ஓட்டவென்றே கால் பிறேக்கைக் கைக்கு மாற்றியிருந்தார் அண்ணர். கிளினிக்குக்கும் சந்தைக்கும் அண்ணி எவரையும் கெஞ்சாமற் போய்வந்தது அந்த வண்டியில்தான்.

செத்தவீட்டுக்கு மறுநாள் லிங்கநகர் மாமா மூக்கிற் சால்வையை வைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் இந்த வளவுக்குள்ள மச்சம் புழங்க ஏலாது. இது மீன் தின்னுற வண்டி. ஓடக்கூடாது. பிறகு பழைய இரும்புக்குக் குடுத்திடுவம்."

"அப்ப நான் கிளினிக்குக்கு எப்பிடிப் போறது, மாமா?"

"ஆராவது கூட்டிக்கொண்டு போவினம்தானே, பிள்ளை."

அந்த ஆராவது வரவேயில்லை. சாப்பிட எல்லாரும் வந்தார்கள். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது, பருப்பு தண்ணி என்று நொட்டை சொல்லி, அரைவாசியை இலையில் விட்டு எழும்பினார்கள். மீன்குடல் பரவாயில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அண்ணி கதிரையில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த எச்சில் வாளியளைத் தாங்கிக்குள்ள ஊத்துங்கோ. அதுக்கு மீனும் ஒண்டுதான், சோறும் ஒண்டுதான் எண்டு அண்ணர் சொன்னவர்."

ஊற்றினேன். அன்று நான் போட்டிருந்த சேட்டை என் மனைவி இன்னமும் வீட்டுக்குள் எடுக்கவிடவில்லை.

கிளினிக் நாளன்று ரியூப் புடைத்து நின்றது. அண்ணி வண்டியை எடுக்க, மாமா படலையை மறித்தார்.

"பிள்ளை, மச்சமெல்லே!"

"இல்லை மாமா. நீங்கள் இலையில விட்ட கத்தரிக்காய். சுத்த சைவம். வழி விடுங்கோ."

மாமா விலகினார். வண்டி கண்டி வீதியில் ஏறியது.

அண்ணரின் பிரிவில் எம்மோடு நின்ற அயலவர்க்கும், பந்தல் போட்ட கிண்ணியா நண்பர்களுக்கும் நன்றி. இன்று முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் உறவினருக்குத் தனி நன்றி. வண்டி இரும்புக்குப் போகாது. அண்ணிக்கு அடுத்த கிளினிக் வருகிறது. ஆகவே வழக்கம்போல இலையில் மிச்சம் விடுங்கள். வாளி குசினி வாசலில் இருக்கிறது.