மாமாவின் கையை நக்கிய மான்

என் மாமாவின் உள்ளங்கையை ஒரு மான் நக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். பிறகு எத்தனையோ ஊர்களில், படிப்பை முடிக்காதவனுக்குக் கிடைக்கிற எத்தனையோ வேலைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்களே அதிகம். அவர்களுக்குத்தான் நட்டம்.

அப்போது தோர்ண்டன் ஹீத் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். வன்னியிலிருந்து அகதியாக வந்த அம்மாவின் தம்பியும் எங்களோடு இருந்தார். மான் வேட்டைக்குப் போன காட்டில் ஆமி தன்னைப் பிடித்து அடித்ததாக அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. மேல்முறையீட்டு விசாரணையில் அவர் உண்மை பேசுகிற ஆள் என்று அப்பா சாட்சி சொல்லவேண்டும்; இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"உவன் மான் பிடிச்சவனோ மாங்காய் பிடுங்கினவனோ, ஆர் கண்டது? காணாததைச் சொல்ல எனக்கு ஏலாது" என்றார் அப்பா.

"அத்தான், ஒரு மானைக் கைக்கெட்டக் கொண்டு வந்தால் நம்புவியளோ?"

"கொண்டு வா பாப்பம்."

மாமாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நேரம் மட்டும் தாராளம். மான்கள் திரியும் பெரிய பூங்காவுக்கு அடிக்கடி பஸ் ஏறிப்போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். உப்பு ருசி கண்ட மான் அதே இடத்துக்குத் திரும்பி வருமாம். வீட்டு மணம் போகட்டும் என்று தன் கோட்டை வெளியே மழையில் தொங்கவிட்டார். அம்மா பாவம் பார்த்து அதை எடுத்துவந்து, தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த அடுப்புக்கு மேலே காயப்போட்டாள்.

மாமா காலையில் அதை முகர்ந்தார். "அக்கா, இதைப் போட்டுக்கொண்டு போனால் மான் என்ன, பொலிசும் கிட்ட வராது."

அப்பாவையும் என்னையும் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்து, காற்று வீசிப்போகிற பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். மெல்லிய சட்டையோடு ஈரச் சருகை அள்ளிக் கைகளிலும் கழுத்திலும் தேய்த்தார். எனக்கும் தேய்த்துவிட்டார். புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். கால் மரத்துப்போய், எனக்கு அழுகை வரும்போலிருந்த நேரத்தில் ஒரு பெண் மான் வந்தது. மண்ணை நக்கியது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு மாமாவின் கையை நக்கியது. உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு மாமா இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

மான் போனதும் அப்பா வந்தார். தன்னுடைய கோட்டைக் கழற்றி மாமாவுக்குப் போட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்.

"எண்டைக்கு நான் வரவேணும்?"

"செவ்வாய்க்கிழமை, அத்தான்."

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா பெட்டியின் அடியில் கிடந்த தன் கல்யாண சூட்டை எடுத்துப் போட்டார். அவர்கள் மறுபடி மானிடம் போகிறார்கள் என்றே நான் நினைத்தேன். இந்த விஷயத்தில் இப்போது எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா?

"அப்பா, உங்களிலை பூச்சி உருண்டை மணக்குது. மான் கிட்டவும் வராது."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா என் தலையைத் தடவினார். பிறகு தன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக் கழற்றி மறுபடி பூட்டினார். குளிருகிறதாக்கும் என்று நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.