பாவு மேல் கால் வைக்கலாமா?

நாள் முழுக்க மற்றவர்களை நடக்கவிட்டு, தான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறவனுக்குப் பெயர்தான் டிரெட்மில் டெக்னீஷியன். எண்பதுகளில் ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த உத்தியோகம் எனக்கு. நெஞ்சு வலி வந்தவர்கள் எவ்வளவு நடை தாங்குவார்கள் என்று பார்க்கும் மெஷின். மெஷினோடு மல்லுக்கட்டும் சகோதரர்களே, உங்களை மெஷின் மட்டும்தான் படுத்தும். என்னை அதில் ஏறுகிறவர்களும் படுத்தினார்கள்.

ஏற மாட்டேன்

நெசவாளர் மாணிக்கம் நெஞ்சு வலியில் படுத்து எழுந்தவர். மெஷினில் நடந்து தேறினால்தான் மறுபடி தறியில் உட்காரலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா கிடப்பது மனிதருக்கு நரகமாக இருந்தது. ஆனாலும் ஏற மறுத்தார்.

இரண்டு உருளைகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டை. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளி நின்றார். தறியில் நீளவாக்கில் இழுத்துப் பூட்டிய பாவு நூல் மாதிரியே இருக்கிறதாம், பாவை மிதிப்பது பாவமாம். நானும் டாக்டரும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டோம். கடைசியில் அவர் மனைவி சரசு குனிந்து பட்டையை மோந்து பார்த்தார். "பாவுன்னா கஞ்சி போட்ட வாசனை வரும். இது ரப்பர் நாத்தம். ஏறுய்யா."

மிதி

ஏறினார். நான் சுவிட்சைப் போட்டேன். மனிதர் நடக்கவில்லை. வலது காலை அழுத்தினார், மிதித்த இடம் திரும்ப மேலே எழும்பும் என்று காத்திருந்தார். தறிக்குழியில் மிதிபலகையை மிதித்தே பழகிய கால் ஆயிற்றே! பட்டை அவரைப் பின்னால் கொண்டுபோய் என் கையில் சேர்த்தது. நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் பிய்ந்து தொங்கின. நான் சுவிட்சை அணைத்தேன்.

இன்னொரு வாரம் போகட்டும், அதுவரை தறி கிடையாது என்றார் டாக்டர். மாணிக்கம் சட்டையை மாட்டினார். "அப்ப தெனம் நம்ம தெருவுல நடந்துகினே இருக்கேங்க. நடக்கக் கத்துகினு வரேன்."

கரெண்டு

அடுத்த வாரம் சொன்னபடி வந்தார். மெஷினின் கைப்பிடிக் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நடந்தார். முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, கரெண்டு போய்விட்டது. பட்டை மெல்ல நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மாணிக்கம் காதில் வாங்கவில்லை. இறங்கி, ஒயர்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். டாக்டர் ஓடிப்போய் நாடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். முடிந்தபோது டாக்டருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"காலையில மட்டும் தறியில உட்காருங்க" என்றார் டாக்டர். சரசு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மெஷினில் பாதி, வராந்தாவில் பாதி, ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று நான் முழித்தேன். மாணிக்கம் சொன்னார்: "கரெண்டு நின்னுச்சு, ஆளு நிக்கலன்னு எழுதுங்க."

ஆரணியில் கரெண்டை நம்பாமல் வேலை செய்த ஒரே டிரெட்மில் எங்கள் வராந்தாதான்.