ஒடிந்த காலுக்குக் கைதட்டியவர்களுக்கு

காலையில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கோதையின் கணவர் போன் செய்தார். "புவனா, கோதை பரமபதிச்சுட்டா" என்றார். மூச்சு முட்டுகிறது என்றாளாம். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

தென்னூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் விழுந்து எலும்பு முறிந்தால், அங்குள்ள மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து இன்ஷூரன்ஸுக்காக அதற்குரிய குறியீட்டைப் போடுவது எங்கள் வேலை. கைலாசபுரத்திலிருந்து நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து கோதையும் ஒரே நாளில் இங்கே சேர்ந்தோம். கடைசிவரை பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாங்கள் போட்டதைச் சரிபார்க்கும் ஆடிட் வேலை பிறகு அவளுக்கு வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிகிற எலும்பென்றால் அவளிடம்தான் போகும், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் தப்புச் செய்வோம்.

ஒருமுறை ஒரு மருத்துவர் முறிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எந்தக் கால் என்பதை எழுதாமல் விட்டிருந்தார். மாதக் கடைசி. மேனேஜர் வந்து நின்று, "மேடம், ஏதாவது ஒரு காலைப் போட்டு அனுப்புங்க, க்ளையன்ட் காத்திருக்காங்க" என்றார். கோதை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அந்த டாக்டரை ஏதாவது ஒரு காலை ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்கோ, நானும் ஏதாவது ஒண்ணைப் போடறேன்" என்றாள். தளமே சிரித்தது. மருத்துவரிடம் கேள்வி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அந்தக் கோப்பு நகர்ந்தது. எத்தனை பேருக்கு அவள்மேல் எரிச்சல் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்காக ஆபீஸில் வைத்த அஞ்சலிக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தான்.

முறிந்த எலும்பு இடம் விட்டு விலகியதா, விலகவில்லையா என்பது எங்கள் வேலையில் பெரிய விஷயம். அதை மருத்துவர் எழுதவில்லை என்றால் விலகியது என்றே கொள்ள வேண்டும். அதுதான் விதி. மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் ரம்யா ஒருநாள் விலகவில்லை என்று போட்டுவிட்டாள். "விலகியிருந்தா எழுதியிருப்பாங்கல்ல மேடம்?" என்று கேட்டவளைக் கோதை ஒரு பிடி பிடித்தாள். "எழுதலைன்னா நல்லபடியா இருக்குன்னு நீயே முடிவு பண்ணிடுவியா? அவர் காலுக்கு நீ யாரு?"

அதே கோதைதான் காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்கு வழிவிடப் போய், ஸ்கூட்டியோடு சாய்ந்து, காலைத் தவறாக ஊன்றினாள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முறிவு. காலை ஊன்றவே கூடாது, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். இவளோ வாக்கரைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆபீஸுக்கு வந்து நின்றாள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். விலகல் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"ஸ்கேன் எடுத்தியாடி?" என்றேன்.

"ஆடிட் முடியட்டும். இது விலகலைடி. விலகியிருந்தா எழுதியிருக்க மாட்டாளா?"

அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது! ஊருக்குத்தான் உபதேசம். நாள் முழுக்க அடுத்தவர் முறிவுகளைப் படித்துப் படித்து, தன் முறிவையும் தானே படித்துத் தீர்ப்பெழுதிவிட்டாள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வருகிற கோணல் புத்தி இது. முகம் தெரியாதவர்களின் காலுக்காக மேனேஜரோடு மல்லுக்கட்டியவளுக்குத் தன் காலுக்காக ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். இன்னும் திட்டுவேன்.

அவளை மட்டுமல்ல. வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டிய மேனேஜர், காலை நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவள் படியேறி வந்ததைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். அதற்குக் கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. பிறகு அவளுடைய ஆடுசதை வீங்கியது. "உட்கார்ந்தே இருக்கேனோன்னோ, அதான்" என்றாள். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் இழுத்ததற்கு, வெள்ளிக்கிழமை போகலாம் என்றாள். வெள்ளிக்கிழமை வருவதற்குள் அந்தப் போன் வந்துவிட்டது.

கூட்டத்தில் மேனேஜர், "கால் ஒடிஞ்சும் லீவு போடாதவங்க, அவங்கதான் நமக்கெல்லாம் உதாரணம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் என்னிடமே வந்து, கம்பெனி இதழுக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரும்படியும், 'அர்ப்பணிப்பு' என்ற சொல் கட்டாயம் வரவேண்டும் என்றும் கேட்டார். இதோ, வந்துவிட்டது. அவள் செத்தது அர்ப்பணிப்பால் இல்லை. ஊன்றக் கூடாத காலை ஊன்றி, நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து, வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டதால் செத்தாள். இதையும் அதே எழுத்தில் போடுங்கள்.

பதின்மூன்றாம் நாள், சுபஸ்வீகாரத்தன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து எல்லாரும் கலைந்தபின் அவள் கணவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள்லாம் நாள் பூரா அடுத்தவா காலைப் பத்தியே படிக்கறவாதானே? இவ காலை ஒருத்தரும் பார்க்கலையா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது?

கோதையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய வாய். யாருக்கும் பயப்படாத அந்த வாய். அவளுடைய ஆடிட் வேலையை இப்போது ரம்யா பார்க்கிறாள். போன வாரம், அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் செய்த தையல்கூடப் பிரிக்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். அவள் பையை நானே வாங்கிக்கொண்டு, கீழே அழைத்துப்போய் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். திரும்பி மேலே வந்தால் வாசலில் மேனேஜர்.

"இன்னைக்கு ஆடிட் யாருங்க பாக்குறது?"

"யாரும் பாக்கப் போறதில்லைங்க" என்றேன்.